தமிழை விட்ட தவக்காலம்

கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போன முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு என் மாமியார் என்னைப் பார்த்து நல்ல தமிழில் "இரி பிள்ளை, சாப்பிடு" என்றார். நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அதன் பிறகு அந்த மேசையில் ஒரு தமிழ்ச் சொல்லும் விழவில்லை. மாமியார் ஏதோ சொன்னார். அதற்கு மச்சாள், என் கணவரின் அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மச்சாள் ஏதோ சொன்னாள். மாமியார் திரும்பி என் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு மீன் துண்டை எடுத்துக்கொண்டார். என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாப்பிட்டு எழும்பியதும் அவரை வீட்டுப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"மாமி என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்ல. மீன் விலை ஏறிப்போச்சாம்."

"மீன் விலைக்கா மச்சாள் என்ட தலைமயிரப் பாத்துச் சிரிச்சவ?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது, உண்மையைச் சொல்லத் தைரியமும் கிடையாது.

அவர்கள் பறங்கியர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து மட்டக்களப்பில் வேர்விட்ட குடும்பங்களில் ஒன்று. ஆண்கள் தச்சு வேலையோ இரும்பு வேலையோ செய்வார்கள், கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பார்கள். வெளியில் எங்களைப் போலவே தமிழ் பேசுவார்கள். வீட்டுக்குள் மட்டும் அவர்களுக்கென்று ஒரு பாஷை. ஊரார் அதைப் பறங்கிப் பாஷை என்றார்கள். அவர்கள் போர்த்துக்கீஸ் என்றார்கள். எழுதுவது கிடையாது, படிப்பது கிடையாது, வாயால் மட்டும் பிழைத்து வந்த பாஷை.

நான் தன்னாமுனைப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கப் பெண். கல்லடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் படிப்பித்தேன். பிள்ளைகள் உட்காரும் உடைந்த வாங்குகளைத் திருத்த வந்த தச்சன்தான் என் கணவர். வாங்குகள் திருத்தி முடிந்த பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். விஷயம் வெளியில் வந்தபோது என் அப்பா, "ஊருல வேற மாப்பிள்ளை கிடைக்கல்லயா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கத்திலும் அதே கேள்வி வேறு பாஷையில் கேட்கப்பட்டிருக்கும். கோயில் ஒன்றுதான் என்பதால் கலியாணம் நடந்தது. மற்றபடி இரண்டு வீட்டிலும் யாருக்கும் சந்தோஷமில்லை.

அவர்கள் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தமிழில் என்னோடு மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் நான் அடுப்பெரியும் குசினிக்குள் காலை வைத்ததும் பாஷை மாறும். விளக்கை அணைத்தது போல இருக்கும். சிரிப்பு எங்கே இருக்கிறது, என் பெயர் எங்கே வருகிறது என்று தடவிக்கொண்டு நிற்பேன். ஒரு மாதம் அப்படி நின்றேன். பிறகு, இந்த வீட்டில் நான் செவிடாக இருக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

"எனக்கு உங்கட பாஷையப் பழக்குங்க" என்று கணவரிடம் கேட்டேன்.

"அது பழகிற பாஷையில்ல. பிறக்கக்குள்ளயே வாறது."

"எனக்கு இன்னொருக்காப் பிறக்க ஏலாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதிறன்."

எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. அரிவரிப் பிள்ளைகளுக்கு நான் அட்டைகள் செய்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் மாட்டின் படம், மறுபக்கம் 'மாடு' என்ற சொல். அதே போல எனக்கும் செய்தேன். தையல்கடையில் சட்டைப் பெட்டிகளின் மட்டையை வாங்கி, சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் அவர்களுடைய சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். மறுபக்கம் அதன் பொருள். 'ஆகு' என்றால் தண்ணீர். 'பேசி' என்றால் மீன். 'சால்' உப்பு, 'சோல்' சூரியன், 'நோரா' மருமகள். கணவர் வேலையால் வந்து உளிகளைத் தீட்டும் நேரத்தில் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டு எழுதிக்கொள்வேன்.

ஒளித்துச் செய்யவில்லை. அட்டைகளைக் குசினி மேசையிலேயே அடுக்கி வைத்தேன். ஒருநாள் மாமியார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கா?"

"இல்ல மாமி, எனக்கு. உங்கட பாஷை."

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "இது எழுதிற பாஷையில்ல பிள்ளை" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அட்டை அட்டையாகப் படித்தேன். அவர்களுடைய சொல்லைப் பார்ப்பேன், பொருளைச் சொல்லுவேன், திருப்பிச் சரி பார்ப்பேன். விரைவாக ஏறியது. ஏறியதற்குக் காரணமும் இருந்தது. மேசையை அவர்கள் 'மேசா' என்றார்கள், கதிரையைக் 'கதேரா' என்றார்கள், சாவிக்குச் சாவிதான். அலுமாரி, ஜன்னல், முகம் துடைக்கும் லேஞ்சி, தின்னும் பாண் என்று பிறந்ததிலிருந்து நான் தமிழென்று நினைத்துப் பேசிய சொற்களெல்லாம் அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவை. வசனம் கட்டுவதும் எங்களைப் போலத்தான். நான் மீன் சாப்பிட்டேன் என்று வரிசையாக வந்து வினையில் முடியும். எனக்கு மூடி வைத்திருந்த கதவுக்குப் பாதிச் சாவி என் வாயிலேயே இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த மழைக்காலம் வந்தபோது அவர்கள் பேசுவது எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. முதலில் சொல் சொல்லாக, பிறகு முழுதாக. விளங்கிய பிறகுதான் தெரிந்தது, விளங்காமல் இருந்த காலம் எவ்வளவு நிம்மதியானது என்று.

என் கறியில் தேங்காய்ப்பாலைத் தவிர ருசியில்லை என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் விருந்தாளி போல வீட்டுக்கு வருகிறாள் என்றார்கள். என் அப்பா இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, எங்களைக் கண்டால் அவருக்குத் தீட்டோ என்றார்கள். "தம்பி மீனுக்கு வலை வீசினான், நண்டு மாட்டியிருக்குது" என்று மச்சாள் ஒருநாள் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நண்டுக்கு அவள் சொன்ன சொல்லைக் கேட்டவுடன் பிடித்த எனக்கு, அதையே திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. தொண்டை வரைக்கும் தமிழ்தான் வந்து நின்றது. தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழில் சொன்னால் நான் ஒட்டுக்கேட்டவளாவேன். அவர்கள் பாஷையில் சொன்னால்தான் பதில் சொன்னவளாவேன்.

சின்னதாக ஒன்றில் தொடங்குவோம் என்று அடுத்த நாள் சாப்பாட்டில் உப்புக் கேட்டேன். உப்புத் தாருங்கள் என்று அவர்கள் பாஷையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மனதுக்குள் பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தால் 'சால்' என்பதற்குப் பதிலாக 'சோல்' வந்தது. எனக்குச் சூரியனைத் தாருங்கள் என்று கேட்டேன்.

உடனே மச்சாள் எழும்பிப் போய்ப் பின்கதவை முழுதாகத் திறந்து, உச்சி வெயிலைக் கையால் காட்டி, "இந்தா, வேணுமான அளவு எடு" என்று தமிழில் சொன்னாள். என் கணவர்கூடச் சிரித்துவிட்டார். அந்தக் கதை வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் முன்பின் தெரியாத ஒரு பறங்கிப் பெண் என்னிடம் வந்து, "வெயில் போதுமா மகள்?" என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். அழவில்லை. எனக்கு வந்தது கோபம், அதுவும் என் அட்டைகளின் மேல். இத்தனை மாதம் படித்தேன், எல்லா அட்டைக்கும் சரியாகப் பொருள் சொன்னேன், உப்பைக்கூடக் கேட்க முடியவில்லை என்றால் நான் படித்தது என்ன?

விடை வகுப்பிலிருந்து வந்தது. என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை அட்டையை உயர்த்தினால் முதலாளாகக் கத்தும். மாடு, ஆடு, வீடு, ஒன்றும் தப்பாது. அன்று அட்டையில்லாமல் சிலேட்டில் 'வீடு' என்று எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிலேட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "அட்டையக் காட்டுங்க டீச்சர், சொல்றன்" என்றது.

எனக்கு முதுகில் தட்டியது போலிருந்தது. நானும் அட்டையைக் காட்டினால் சொல்லுகிற பிள்ளைதான். சொல் வந்து முன்னால் நின்றால், ஓ, இவரைத் தெரியும் என்பேன். இவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வா என்றால் வீடு எங்கே என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அட்டைகளைத் திரும்ப எடுத்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. சில அட்டைகளில் நான் சொல்லைக்கூடப் படிக்கவில்லை. மூலையில் மஞ்சள் கறை இருந்தால் அடுப்பு. ஓரம் மடிந்திருந்தால் துடைப்பம். கறையைப் படித்துக்கொண்டு பாஷை படித்ததாக நினைத்திருக்கிறேன்.

கறைபட்டவற்றையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டினேன். கட்டு முழுவதையும் கவிழ்த்து வைத்தேன். இனித் தமிழ்ப் பக்கம்தான் மேலே. தமிழைப் பார்த்து அவர்கள் சொல்லைச் சொல்ல வேண்டும், அதுவும் சத்தமாக. மனதுக்குள் சொன்னால் கணக்கில்லை.

முதல் நாள் 'தண்ணீர்' வந்தது, 'மீன்' வந்தது. மற்ற அட்டைகள் என்னை ஊமைப் பார்வை பார்த்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். மறுபக்கத்தில் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். கணவர் மரத்தைச் சீவிக்கொண்டே அட்டையைப் பிடித்துக் கேட்பார். நான் முழிப்பேன். அவர் முதல் எழுத்தைச் சொல்லப் பார்ப்பார்.

"சொல்லாதீங்க!"

"மூண்டு நாளா இந்த ஒரு சொல்லில நிக்கிறாய்."

"நாலாம் நாளும் நிப்பன். நீங்க சொன்னா அது உங்கட வாயில இருந்து வந்ததுதானே."

பள்ளிக்கூடத்துக்குக் கல்லடிப் பாலத்தால் நடந்துதான் போவேன். கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் பாஷையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். தண்ணீர், தோணி, காகம், கிழவன், குடை. சொல் வராவிட்டால் வரும் வரைக்கும் பாலத்தில் நிற்பேன். வாவியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "டீச்சருக்குத் தலை பிசகிப் போச்சு" என்று கதை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. வீட்டில் பேசத் தொடங்கினேன். அப்போதுதான் இன்னொரு கதவு சாத்தப்பட்டது. நான் அவர்கள் பாஷையில் கேட்டால் மாமியார் தமிழில் பதில் சொன்னார். தண்ணீர் அள்ளவா என்று நான் தட்டுத்தடுமாறிக் கேட்பேன். "ஓம், அள்ளு பிள்ளை" என்பார். மச்சாளும் அப்படியே. திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. நான் நீட்டிய காசை இந்தக் கடையில் இது செல்லாது என்று திருப்பிக் கொடுப்பது போல, ஒவ்வொரு தடவையும் தமிழில் பதில்.

அந்த வருஷம் தவக்காலம் வந்தது. ஒவ்வொருவரும் எதையாவது விடுவது வழக்கம். மாமியார் இறைச்சியை விடுவார், மச்சாள் சீனியை. சாம்பல் புதன் பூசை முடிந்து எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தோம். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

"ஏன்கா நிக்கிறாய்? உள்ள வா" என்றாள் மச்சாள்.

"ஒண்டு சொல்லிட்டு வாறன். இந்தத் தவக்காலத்துக்கு நான் விடுறது தமிழ். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வாசலுக்கு உள்ள ஒரு தமிழ்ச் சொல் பேச மாட்டன்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "என்ன விசர்க் கதை இது? பாசைய ஆர் விடுற?"

"நேர்த்தி மாமி. ஆண்டவருக்குச் சொல்லிட்டன்."

நேர்த்தி என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன். படியைத் தாண்டி உள்ளே போனேன்.

அந்த நாட்களைப் போலக் கஷ்டமான நாட்கள் எனக்குப் பிறகு குறைவு. வெளியில் டீச்சர், வாசலுக்குள் வந்தால் கொன்னல் வாய். தலையிடி என்று சொல்லத் தெரியாமல் என் தலையில் நெருப்பு என்றேன். மண்ணெண்ணெய் முடிந்ததைச் சொல்ல வெறும் போத்தலைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினேன். காலத்தை மாற்றுவதற்கு வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வைக்க வேண்டும். 'ஜா' வைத்தால் நடந்து முடிந்தது, 'லோ' வைத்தால் இனிமேல் நடக்கும். இந்த இரண்டும் என் வாயில் ஓயாமல் இடம் மாறின. நாளைக்குச் சமைத்தேன் என்பேன், நேற்றுப் போவேன் என்பேன். அவர்கள் விடாமல் தமிழில் பதில் சொன்னார்கள். நானும் விடவில்லை. மச்சாள்தான் முதலில் சறுக்கினாள். ஒருநாள் அவசரத்தில் பால் பொங்குகிறதென்று அவர்கள் பாஷையில் என்னிடமே கத்திவிட்டாள். நான் ஓடிப் போய் இறக்கினேன். மாமியார் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு மசக்கை, மாமியாருக்கு நோன்பு, இரண்டு பேருக்கும் எரிச்சல். தவக்காலம் பாதி கடந்திருக்கும், மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி ஒரு பின்னேரம் பார்க்க வந்தாள். நான் தேத்தண்ணி கொண்டு போய் வைத்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மாமியாரிடம் ஏதோ வாழ்த்துச் சொன்னாள். மாமியார் பெருமூச்சு விட்டார். பிறகு நான் அங்கே நிற்பதை நினைக்காதவர் போல, அவர்கள் பாஷையில் சொன்னார்:

"பிள்ளை வரும். ஆனா எங்கட வாய் அதுக்கு வராது. இவள் கோழி பொறுக்குற மாதிரி நாலு சொல் பொறுக்கி வைச்சிருக்காள். என்ட மகன்ட பிள்ளைக்கு இவளா பாஷை குடுக்கப் போறாள்? இந்த வீடு எனக்குப் பிறகு ஊமைதான்."

நான் தட்டத்தைக் கீழே வைத்தேன். அட்டையும் இல்லை, முன்கூட்டிச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. அவர்கள் பாஷையில் சொன்னேன்:

"நான் குடுத்தன். என்ட வயித்துப் பிள்ளைக்கு நான் குடுத்தன். நீங்க எனக்குத் தர மாட்டன் எண்டு சாத்தினீங்க. சாத்தினத நான் எடுத்தன். எடுத்தத என்ட பிள்ளைக்கு நான்தான் குடுத்தன். கோழி பொறுக்கித்தான் மாமி வயிறு நிரப்புது."

தங்கைக்காரி கோப்பையை வாய்க்குக் கொண்டு போனபடியே நிறுத்திவிட்டாள். மச்சாள் அறை வாசலில் வந்து நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் என்னை நேராகப் பார்த்தார். வெளியே போடி என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். போவதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னார், அவர்கள் பாஷையில்: "'ஜா' இல்ல. 'லோ.'"

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"குடுத்தன் எண்டு சொல்றாய். இன்னும் குடுக்கல்ல நீ. குடுப்பன் எண்டு சொல்லு. 'லோ' வை."

"குடுப்பன்" என்றேன், 'லோ' வைத்து.

"பாப்பம்" என்றார். தங்கைக்காரியின் பக்கம் திரும்பி, தேத்தண்ணி ஆறுகிறது குடி என்றார். அதுவும் அவர்கள் பாஷையில்தான். அன்றிலிருந்து அவர் என்னோடு வீட்டுக்குள் தமிழ் பேசவில்லை.

தங்கைக்காரி போன பிறகு நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். "நீ வெயிலக் கேட்ட நாள்" என்று தொடங்கினார். நான் எரிச்சலோடு நிமிர்ந்தேன்.

"இல்ல, கேளு. நான் சின்னதில கன்னியாஸ்திரிமாரிட்ட இங்கிலீஷ் படிச்சன். எல்லாம் விளங்கும். இப்பவும் விளங்கும். ஒருநாள் மதர் எழுப்பி என்னவோ கேட்டா. பதில் எனக்குத் தெரியும். வாயத் திறந்தன், பிழையா ஒண்டு வந்துட்டுது. வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. அண்டைக்கு மூடின வாய். இண்டை வரைக்கும் ஒரு இங்கிலீஷ்ச் சொல் நான் சொன்னதில்ல. இந்தப் பாஷைய மட்டும்தான் ஆரும் சிரிக்காம எனக்குக் கதைக்க ஏலும். வெளியில கதைச்சா அதுக்கும் சிரிக்கிறானுகள். அதுதான் வீட்டுக்குள்ள வைச்சிருக்கம். நீ எழுதிக்கொண்டு வந்து நிண்ட உடன எனக்குப் பயம். இவள் வெளியில கொண்டு போய்ச் சிரிப்பாள் எண்டு."

"சிரிச்சது நீங்கதானே மாமி."

"ஓம், சிரிச்சம். ஆனா நீ திரும்பி வந்து வாயத் திறந்தாய். எனக்கு அது விளங்கவே இல்ல. என்ன மாதிரிப் பெண் இது எண்டு பாத்தன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கழுவலில் செதில் போகவில்லை என்று சொல்லி மீனை என் கையிலிருந்து பறித்துக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறன்று என் நேர்த்தி முடிந்தது. ஆனால் நான் பழையபடி தமிழுக்குத் திரும்பவில்லை. மாமியாரும் நானும் சினேகமாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். சண்டை பிடிக்கத் தொடங்கினோம். அதற்கு முன்னால் சண்டை பிடிக்க எங்களுக்கு இடமே இருக்கவில்லை. தமிழில் அவர் எனக்கு மரியாதைக்கார மாமி, நான் அவருக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவர்கள் பாஷையில்தான் கறியின் புளிப்புக்கு வினாகிரி விடுவதா கொறுக்காய்ப்புளி போடுவதா என்பதிலிருந்து பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது என்பது வரைக்கும் உரக்கச் சண்டை பிடிக்க முடிந்தது. நான் பிழை விட்டால் சண்டையை நிறுத்திப் பிழையைத் திருத்திவிட்டுத் திரும்பச் சண்டைக்கு வருவார். அப்படித்தான் 'ஜா'வும் 'லோ'வும் என் வாயில் இருப்புக்கு வந்தன. அட்டைகளால் வந்திருக்காது.

மகன் பிறந்து சில மாதங்களில் என் அப்பா முதன்முதலாக அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்தில் நின்றார். குசினிக்குள் நானும் மாமியாரும் உச்சத்தில் இருந்தோம். பிள்ளைக்கு எண்ணெய் வைத்தது யார், தண்ணீர் ஊற்றியது யார் என்பது வழக்கு. நான் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பொம்பிளை உன்ன இந்தப் பாசையிலயா ஏசுறா?"

"ஓம் அப்பா."

"நீ கேட்டுக்கொண்டு நிக்கிறியா?"

"இல்ல அப்பா. நானும்தான் ஏசுறன்."

அவர் என்னைப் பார்த்தார், குசினிக் கதவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பேரனை வாங்கிக்கொண்டார். மாமியார் தமிழில் "வாங்க, இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

கொடுப்பேன் என்று சொன்னதைக் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். எனக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவர்களோடு அந்தப் பாஷையில்தான் பேசினேன். மாமியாரும் பேசினார். இரண்டு பேருக்கும் ஒரு சொல் தப்பாமல் விளங்கும். பதில் மட்டும் தமிழில் வரும். சாப்பிட்டாயா என்று நான் அந்தப் பாஷையில் கேட்டால், "ஓம் அம்மா, சாப்பிட்டன்" என்பார்கள். கேட்கப் பிடிக்கிறது, சொல்லப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். ஒருமுறை அந்தப் பாஷையில் கேட்டால்தான் சோறு என்று சொல்லிப் பார்த்தேன். மகள் தானே போய்ப் போட்டுக்கொண்டாள்.

அதற்காக நான் நிறுத்தவில்லை. அவர்கள் எந்தப் பாஷையில் பதில் சொல்வது என்பது அவர்கள் விருப்பம். எந்தப் பாஷையில் கேட்பது என்பது என் விருப்பம்.

எழுபதுகளில் ஒருநாள் மாமியாரும் நானும் மகனும் களுதாவளைப் பக்கம் ஒரு சாவீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகனுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. பஸ்ஸில் நல்ல சனம். சாவீட்டில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்ற பேச்சில் எனக்கும் மாமியாருக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. நான் அந்தப் பாஷையில் சொன்னேன். வெளியிடம் என்றால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார், அது அவர் வாழ்நாள் பழக்கம். அன்று மாறவில்லை. நான் சொன்னது பிழை என்று அதே பாஷையில், வீட்டில் பேசுகிற அதே சத்தத்தில் சொன்னார். முன் சீற்றில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் தங்களுக்குள் சிரித்தார்கள்.

மகன் என் தோளுக்குக் கிட்டக் குனிந்து, "அம்மா, மெல்லக் கதைங்க. எல்லாரும் பாக்கிறாங்க" என்றான்.

"பாக்கட்டும்" என்றேன், தமிழில், எல்லோருக்கும் கேட்க.

கண்டக்டர் நெருக்கத்துக்குள் நுழைந்து வந்து நின்றான். "என்னம்மா இது, சண்டையா? என்ன பாசை?"

மாமியார் சிரித்த இரண்டு பெண்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "எங்கட பாசை" என்றார். "சண்டை இன்னும் முடியல்ல மனே, நீ முன்னுக்குப் போ."

அவன் போய்விட்டான். அவர் என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கல்லடிப் பாலம் தாண்டி இறங்கும் வரைக்கும் நானும் விடவில்லை.